பச்சையம்மா புகையிலை போடவில்லை

போன வாரம் பெங்களூரிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எல்லைச் செக்போஸ்ட்டில் வண்டி நின்றது. வழக்கமான சோதனைதான். மைசூர்ப் பக்கத்துச் சரக்கு நம் பக்கம் வந்துவிடக் கூடாதே... மதுவிலக்கு அல்லவா? போலீஸ்காரர் ஒருவர் ஏறி, ஒவ்வொரு பையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இஞ்சினை ஒட்டிய சீட்டில் ஒரு சின்னப் பெண். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வர உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் சத்தம்தான். பக்கத்தில் அவள் புருஷன். மடியில் ஒரு பாட்டில். அதைத் துண்டால் மூடி வைத்திருந்தான். மூடி வைத்ததுதான் வம்பாகிவிட்டது.

"என்னய்யா அது பாட்டில்?"

"எலுமிச்சம்பழத் தண்ணிங்க."

"அந்தம்மா வாந்தி எடுக்குது. நீ பாட்டில மறைக்கற. எங்கருந்து வரீங்க ரெண்டு பேரும்?"

பின்னால் யாரோ கனைத்தார்கள். "ஜோடியா போட்டுட்டு வந்துட்டாங்க சார்!" என்று ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. பையன் காது வரை சிவந்துபோனான். "பஸ்ஸு ஒத்துக்கலிங்க..." என்று முணுமுணுத்தான்.

போலீஸ்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு உட்கார்ந்திருந்தாள். மனிதர் முகம் மாறிவிட்டது. பாட்டிலை இறுக்கி மூடித் திருப்பிக் கொடுத்தார். குரலைத் தாழ்த்தி, "இஞ்சின் பக்கம் ஏன்யா ஒக்கார வச்ச? டீசல் வாடை ஆவுமா இதுக்கு? நடுவுல மாத்து" என்றார். பிறகு சத்தமாக: "யாருய்யா அது, இப்ப சிரிச்சது? எழுந்திரு. அந்த சீட்டக் குடு."

சிரித்தவர் எழுந்து இஞ்சின் பக்கம் போனார். வேறென்ன செய்வார்?

போலீஸ்காரர் வீட்டிலும் ஒருத்தி இப்படி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். சந்தேகமே இல்லை. மசக்கைக்காரிக்கு எந்த வாடை ஆகாது என்பது ஓர் ஆணுக்குத் தானாகத் தெரிந்துவிடாது. பட்டுத்தான் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதுவும், பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில்.

வாராவாரம் என்னைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன், லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவு ஆட்டுகிறவன், ரோட்டில் தார் ஊற்றுகிறவன் என்று கிடைத்ததைச் செய்துகொண்டு அலைந்தேன். கல்யாணமான பிறகும் அலைச்சல் நிற்கவில்லை. ஒரே வித்தியாசம், பின்னால் பச்சையம்மாவும் ஒரு தகரப்பெட்டியும் வந்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன் அப்படித்தான் ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அங்கே கெம்பக்கா என்று ஒருவர். வீட்டில் பேசுவது கன்னடம், கூலியாட்களை ஏசுவது தமிழ். புருஷன் இல்லை. நாலு ஏக்கர் மல்பெரித் தோட்டமும், வீடு நிறையப் பட்டுப்புழுவும் வைத்துத் தனியாகவே ஆண்டுகொண்டிருந்தார். எனக்கு இலை வெட்டுகிற வேலை. பச்சையம்மாவுக்குக் கை மெது என்பதால் புழுவுக்கு இலை போடுகிற வேலை. தங்க, அந்த வீட்டிலேயே ஓர் ஓரம்.

பட்டுப்புழு இருக்கிற வீட்டில் இருந்திருக்கிறீர்களா? மாமியார் வீடு தேவலை. புழுவுக்கு வாடை ஆகாது. அதனால் வீட்டுக்குள் கடுகு தாளிக்கக் கூடாது. மிளகாய் வறுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் டப்பாவுக்கு வீட்டுப் பக்கமே இடமில்லை. அடுப்பே கொல்லைக்குப் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே புகையிலை. புகையிலை போட்ட வாயோடு, பீடி பிடித்த கையோடு உள்ளே போய்விட்டால் தீர்ந்தது. புழு தலையைத் தூக்கும், உடம்பை முறுக்கும், பச்சைத் தண்ணீராகக் கக்கும், செத்துப்போகும். இது கட்டுக்கதை இல்லை. நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே கெம்பக்கா வாசற்படியில் நிற்பார். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "வாய தொற" என்பார். திறக்க வேண்டும். மோந்து பார்ப்பார். பிறகு கையை மோந்து பார்ப்பார். பிறகுதான் உள்ளே. ஒருநாள் பக்கத்து ஊர் முன்சீப் எதற்கோ வந்தார். அவரையும் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டார். முன்சீப்பும் திறந்தார்!

இப்படிப்பட்ட வீட்டில்தான் பச்சையம்மாவுக்கு நாள் தள்ளிப்போனது.

சந்தோஷப்பட வேண்டிய சமாச்சாரம். ஆனால் நாங்கள் பயந்தோம். இதற்கு முன் ஒரு தடவை, கிருஷ்ணகிரிப் பக்கம் ரோடு வேலையில் இருந்தபோது, உண்டாகியிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே அவள் வேலைத்தலத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். கல் சுமக்கிற பெண்கள் எல்லாரும் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். அது தங்கவில்லை. தார்ப் புகையோ, கல் சுமந்ததோ, இல்லை, காரணமே இல்லாமல்தானோ... எங்களுக்குத் தெரியாது. பச்சையம்மாவுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறந்தது.

"இந்தத் தடவ மூணு மாசம் தாண்டற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, மாமா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

சத்தியம் பண்ணுவது சுலபம். வாந்தியை எங்கே ஒளிப்பது?

ஒரு காலை. முதல் இலை போடுகிற நேரம். ஈர இலை வாசனையும் புழுக் கழிவின் நெடியும் அந்த அறைக்குள் கலந்து நிற்கும். எங்களுக்குப் பழகிப்போன வாசனை. பச்சையம்மா ஒரு புழுத் தட்டை எடுத்தாள். அப்படியே வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வாசற்படி வரைக்கும்தான் ஓட முடிந்தது. வெறும் வயிறு அல்லவா, பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம் வந்தது. கெம்பக்கா அன்றாடம் சுண்ணாம்பு தெளித்து வைக்கிற வெள்ளைப் படி. அதன்மேல்.

கெம்பக்கா படியைப் பார்த்தார். பச்சையம்மாவைப் பார்த்தார்.

"வாய தொற."

பச்சையம்மா திறந்தாள்.

"புகையில போட்ட."

"இல்லக்கா."

"பின்ன என்னாத்துக்குப் பச்சத் தண்ணி வருது? என் புழு கக்கறாப்பலயே கக்கற! நான் பாக்காத கக்கலா? உண்மையச் சொல்லுடி."

நான் தோட்டத்திலிருந்து இலைக் கட்டோடு வந்து நிற்கிறேன். பச்சையம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்: சத்தியம் ஞாபகம் இருக்கட்டும்.

பிறகு கெம்பக்கா பக்கம் திரும்பி, "ஆமாக்கா. ஒரு துண்டு போட்டேன்" என்றாள்.

ஜென்மத்தில் புகையிலையைத் தொடாதவள்! நான் பீடி பற்றவைத்தால் காத தூரம் போய் நிற்கிறவள்! வயிற்றில் இருக்கிறதைக் காப்பாற்ற வேறு பழியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள்.

கெம்பக்கா அன்று பேசிய பேச்சை நான் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். கடைசியில் தீர்ப்பு: புழு வீட்டுக்குள் இனி அவள் கால் படக்கூடாது. தோட்டத்துக் கோடியில் காவல் குடிசை இருக்கிறது, அங்கே போய்க் கிடக்கட்டும். வேலையை விட்டு நிறுத்தவில்லை. "கழுதைக்குக் கை நல்ல கை" என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம்.

குடிசைக்குப் போனோம். வாந்தி நிற்கவில்லை. நிற்காததால் கெம்பக்காவின் சந்தேகமும் நிற்கவில்லை. இன்னும் ஒளித்துப் போடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"ஏய் ஊர்சுத்தி! நீதான வாங்கியாந்து குடுக்கற?"

"இல்லக்கா."

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கடக்காரன்கிட்ட சொல்லிட்டேன். உனக்குப் புகையில வித்தான்னா கடையக் கொளுத்துவேன்னு."

கொளுத்தக்கூடியவர்தான். ஆனால் அதே கெம்பக்கா, மறுநாள் ஒரு பிடி கொத்தமல்லி விதையைத் துணியில் முடிந்து பச்சையம்மாவிடம் எறிந்தார். "நாக்கு ஊறுச்சின்னா இத்த மெல்லு. அந்தச் சனியன மறந்துடுவ." பச்சையம்மா மென்றாள். கொஞ்சம் அடங்கியது! புகையிலைக்குக் கொடுத்த மருந்து மசக்கைக்கு வேலை செய்ததை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

எனக்கு அப்போது மசக்கையைப் பற்றி என்ன தெரியும்? காலையில் வாந்தி வரும், மாங்காய் கேட்பார்கள் — அவ்வளவுதான். காலையில் மட்டும்தான் வரும் என்று யார் சொன்னார்களோ! பச்சையம்மாவுக்கு விடிந்தாலும் வந்தது, பொழுது சாய்ந்தாலும் வந்தது. மாங்காயைக் கொண்டுபோய் நீட்டினேன். மாங்காயைப் பார்த்தும் வந்தது.

அவளைப் புரட்டிய வாடைகளைச் சொல்கிறேன். களிப் பானையிலிருந்து வருகிற ஆவி. ஈரச் சாக்கு. விளக்கெண்ணெய். கெம்பக்காவின் கொல்லையில் எங்கோ தாளிக்கிற கடுகு. எல்லாவற்றுக்கும் மேல்... என் சட்டை. நான் கிட்டே போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுப்பாள். "கோபமில்ல மாமா, வாடதான்" என்பாள். நான் குடிசைக்கு வெளியே சாக்கை விரித்துப் படுத்தேன். பீடியை விட்டேன். சட்டையைத் தோய்த்துத் தோய்த்து அது கிழிந்துபோனது.

யாரையாவது கேட்கலாமென்றால் சத்தியம் குறுக்கே நிற்கிறது. கிணற்றடியில் பெண்கள் இருக்கும்போது, "எங்க ஊர்ல ஒரு பொண்ணுக்கு..." என்று பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டேன். ஒருத்தி தெலுங்கில் சொன்னாள், ஒருத்தி கன்னடத்தில், ஒருத்தி தமிழில். மூன்று பாஷையிலும் ஒரே பதில்தான். போகப் போகச் சரியாகிவிடும். தமிழ்க்காரி மட்டும் உபயோகமாக ஒன்று சொன்னாள். "வெறும் வயித்தோட எழுந்திரிச்சா பொரட்டுங்ண்ணா. படுத்தாப்பலயே ஒரு கை பொரி மெல்லச் சொல்லு. அப்பறம் மெதுவா எழுந்திரிக்கணும், விருட்டுனு எழுந்திரிக்கக் கூடாது. ஆமா... ஊர்ல இருக்கற பொண்ணுக்கு நீ இங்கருந்து எப்படிச் சொல்லுவ?"

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் வாயை மூடிக்கொண்டாள், மகராசி.

பொரி கொஞ்ச நாள் காப்பாற்றியது. பிறகு பொரியும் நிற்கவில்லை. கெம்பக்கா வேளை தவறாமல் களி அனுப்பினார். திருடியாக இருந்தாலும் பட்டினி போடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. பெரிய உருண்டையாக, மேலே கீரைக் குழம்போடு வரும். "தின்னு பாரு, தெம்பு வரும்" என்று நான்கூடத் திணித்துப் பார்த்தேன். திணித்தது எல்லாம் திரும்பி வந்தது.

பிறகு தண்ணீரும் தங்கவில்லை.

அது வேறே கட்டம். அது வேறே என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி, என்னைக் கேலி செய்வாள். இப்போது கேலி இல்லை. உதடு வெடித்திருந்தது. எழுந்து உட்கார்ந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து மறுபடி படுத்துவிடுவாள். வயிற்றில் இருக்கிறதுக்கு எதுவும் போகவில்லையே என்று அழுதாள். அழுகைக்குக் கண்ணீர் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து, புழுவுக்குக் கடைசிப் பருவம். நாலாவது தோலும் உரித்த பிறகு பட்டுப்புழு தின்கிற தீனி இருக்கிறதே, பார்த்தால்தான் நம்புவீர்கள். ராப்பகலாகத் தின்னும். அறைக்குள் நின்றால் கூரைமேல் மழை பெய்கிற மாதிரிச் சத்தம். வண்டி வண்டியாக இலை வேண்டும். ஒரு ஆள், ஒரு கை குறையக் கூடாது. அந்த நேரத்தில் நான் இலை வெட்டாமல் அடிக்கடி குடிசைப் பக்கம் ஓடினால் கெம்பக்கா சும்மா இருப்பாரா? புகையிலையோடு கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அவரே புறப்பட்டு வந்தார்.

குடிசை வாசலில் நின்று, "எங்கடி ஒளிச்சி வச்சிருக்கற?" என்று ஆரம்பித்தவர், அப்படியே நிறுத்தினார்.

உள்ளே வந்து குந்தினார். பச்சையம்மாவின் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிவிட்டுப் பார்த்தார். தோல் தூக்கினபடியே நின்றது. சட்டென்று கீழே போகவில்லை. நாக்கைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"நீ தல குளிச்சி எத்தினி நாளாச்சு?"

பச்சையம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உன்னத்தான் கேக்கறேன். மாசத் தல குளிச்சி எத்தினி நாளு?"

பச்சையம்மாவின் கை வயிற்றை மூடிக்கொண்டது. கெம்பக்கா தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ சிவனே! புகையிலன்னு ஒத்துக்கினியே, பாவி!"

"சொன்னா நிக்காதுக்கா..." என்றாள் பச்சையம்மா. குரலே வரவில்லை.

"சொல்லாம இருந்தா நீயே நிக்கமாட்ட போலருக்குதேடி!"

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் கட்டளைதான். "வண்டியப் பூட்டு. வைக்கலப் பரப்பு, நெறைய. ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போ. பஸ்ஸு வேணாம், அந்த வாடயிலயே இவ செத்துடுவா."

"அக்கா, வண்டி போச்சின்னா இலை?"

"எனக்குத் தல இல்ல? தலயில சொமப்பேன். நீ ஓட்டு."

உள்ளே மழை மாதிரித் தின்றுகொண்டிருக்கிறது புழு. வாசலில் நிற்கிற ஒரே வண்டியை, ஒரே ஜோடி மாட்டை, கூலிக்காரனின் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். நான் வண்டியை விரட்டவும் முடியாமல், மெதுவாக விடவும் முடியாமல் ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். "இருக்கறியா?" என்று கேட்பேன். கொஞ்ச தூரம் வரைக்கும் "ம்" வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. நான் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பார்த்து என்ன செய்வது? மாட்டின் வாலை முறுக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா. வயதானவர் இல்லை, ஆனால் குரலில் அதிகாரம். முதல் கேள்வியே, "ஒண்ணுக்கு எப்பப் போனா?" என்பது.

"நேத்துக் காலைல, கொஞ்சமா. கருப்பா இருந்திச்சின்னு சொன்னா."

"நேத்தே கொண்டாந்திருக்கணும்பா."

டாக்டர் வந்தார், பார்த்தார், கையில் ஊசி குத்திப் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர் இறங்கியது. நான் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய்கிறபோது பச்சையம்மா கண்ணைத் திறந்து, "இருக்குதா, மாமா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நர்ஸம்மாவைப் பார்த்தேன்.

"இருக்குது, இருக்குது. வாந்தி எடுத்துச்சின்னா புள்ள போயிடாது. உள்ள இருக்கறதனாலதான் வாந்தியே" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து: "வாந்தி வரது சகஜம்பா. சீக்கு இல்ல. தண்ணியும் தங்காம, ஒண்ணுக்கும் போவாம, எழுந்தா தல சுத்துதுன்னா மட்டும் ஒரு நாளும் வீட்ல வச்சிக்கக் கூடாது. தெரிஞ்சிக்கோ. ஆமா, என்ன குடுத்துனு இருந்தீங்க இவளுக்கு?"

"களிங்க. முழு உருண்டை."

"முழு உருண்டையா! நீ என்ன வேல பாக்கற?"

"பட்டுப்புழுவுக்கு இலை வெட்டறேங்க."

"பொறந்த புழுவுக்கு எப்படிப் போடுவீங்க இலைய? முழுசாவா?"

"ஐயோ, இல்லீங்க. கொழுந்தாப் பாத்து, பொடிப்பொடியா நறுக்கி, கொஞ்சம் கொஞ்சமா... அடிக்கடி..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். நர்ஸம்மா சிரித்தார். "பொண்டாட்டின்னா மட்டும் முழு உருண்ட, இல்ல?"

ஊருக்குத் திரும்பி இதைக் கெம்பக்காவிடம் அப்படியே சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. சும்மா கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து காவல் குடிசை இரண்டாவது புழு வீடாகிவிட்டது.

வாசலில் சுண்ணாம்பு. குடிசைக்குக் காற்று வருகிற பக்கம் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் கை கால் கழுவ வேண்டும். கெம்பக்காவே படியில் நின்று, "வாய தொற" என்றார். வெங்காயம் தின்றவர்கள் திரும்பிப் போனார்கள். நானும் தப்பவில்லை! என் பெண்டாட்டியைப் பார்க்க நான் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எலுமிச்சை இலையைக் கசக்கி உள்ளே வைத்தார். களி வருவது நின்றுவிட்டது. ஒரு வாய் ஆறின கஞ்சி. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு வாய். காய்ந்த பொரி நாலு. "பூச்சி தோல் உரிக்கறப்ப தின்னாது, அசையாது. அத்த நாம திட்டறமா? எழுப்பறமா? சும்மா வுடறோம். எழுந்திரிச்சித் தின்னுது பாரு அப்பறம்!" என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, இத்தனை நாள் இது தனக்கே தோன்றவில்லையே என்பதுபோல ஒரு நிமிஷம் நின்றார்.

நாங்கள் ஓசூரில் இருந்த அன்று சில தட்டுப் புழுக்கள் இலை போதாமல் வாடிப்போயின என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் பிறகு சொன்னார். கெம்பக்கா கடைசி வரை அதைச் சொல்லவே இல்லை.

வேறொன்று சொன்னார். குடிசை வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லி புடைத்துக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோல: "எனக்கு அஞ்சு தடவ. அஞ்சுலயும் இப்படித்தான். செவுத்துக்கு அந்தாண்ட போயி வாந்தி எடுத்துட்டு வந்து இலை போடு-ன்னுவாங்க. போய் எடுத்துட்டு வந்து போடுவேன். ஒருத்தரும் இன்னா வாட ஆவல-ன்னு கேக்கல. நானும் சொல்லல."

பச்சையம்மா படுத்தபடியே கையை நீட்டி அவர் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை. புடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் மகள் அந்தத் தோட்டத்துக் குடிசையில்தான் பிறந்தாள், மழைக்காலத்தில், கெம்பக்கா கையில். நல்ல குரல். நான் அதற்குப் பிறகும் ஊர் ஊராகத்தான் திரிகிறேன். இப்போது தகரப்பெட்டியோடு இரண்டு பேர் வருகிறார்கள்.

நம் பக்கத்தில் மசக்கைக்காரியைப் பார்த்தால் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறோம். உனக்கு என்ன வேணும்? புளிப்பா, இனிப்பா? கேட்பது நல்ல மனசுதான். ஆனால் அந்த நாட்களில் அவளுக்கு வேணும் என்பது ஒன்றோ இரண்டோ... வேண்டாம் என்பதோ நூறு. அதையல்லவா கேட்க வேண்டும்? எந்த வாடை ஆகவில்லை? யார் தள்ளி நிற்க வேண்டும்? கேட்டுவிட்டு, புருஷனாக இருந்தாலும் தள்ளி நிற்க வேண்டும். பீடி பிடிக்கிற புருஷன் இன்னும் கொஞ்சம் தள்ளி.

இன்னொன்று. சொல்லக்கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோமே, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஒருத்தரிடமாவது சொல்லிவையுங்கள். வண்டி வைத்திருக்கிறவராகப் பார்த்து.

அதிருக்கட்டும். பச்சையம்மா எப்போதுதான் தேறினாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

புழுவெல்லாம் கூடு கட்டி முடித்து, வீடு ஓய்ந்திருந்த ஒரு காலை. குடிசைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா... கொஞ்சம் மோர் இருக்குதா? உப்புப் போட்டு."

அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. கெம்பக்கா ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கால் டம்ளர் மோர் வந்தது. பச்சையம்மா வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். நானும் கெம்பக்காவும் எதிரே குந்திக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்தோம். அவள் இன்னொரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். அவள் கண்ணைத் திறந்து மீதியையும் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். வெயில் ஏறியது. ஒன்றும் திரும்பி வரவில்லை. ஒரு ஏப்பம் மட்டும் வந்தது.

வரப்பு வழியே சந்தைக்குக் கூடையோடு போன ஒருத்தி நின்று பார்த்தாள். மூன்று பேர் ஒரு காலி டம்ளரைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி சிரிக்கிறாள், ஒருத்தன் கண்ணைத் துடைக்கிறான்.

"இன்னா கெம்பக்கா, வேல வெட்டி இல்லாம எல்லாரும் இங்க குந்தினுகிறீங்க? எதனா விசேஷமா?"

"ஆமா" என்றார் கெம்பக்கா. "மோர் தங்கிடுச்சி."